பனியில் பிளக்கும் தார்ச்சாலை

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை 'இராணுவப்பேட்டை' என்றும் சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பும் ஊர் அது. இப்படிப்பட்ட ஊர்களிலிருந்து லடாக் எல்லைக்குப் போகும் வீரர்களுக்கு அரிசியும் மருந்தும் டீசலும் பெரும்பாலும் லாரிகளில்தான் போய்ச் சேருகின்றன. அதற்கான பாதைகளைப் போட்டுக் காப்பது எல்லைச் சாலைகள் அமைப்பு. அவற்றில் ஒன்று, 19,024 அடி உயர உம்லிங் லா கணவாய் வழியாகச் செல்லும் 52 கி.மீ. தார்ச்சாலை. வண்டி ஓடும் சாலைகளில் உலகிலேயே உயரமானது என்று 2021இல் கின்னஸ் சான்று பெற்றது.

இத்தகைய சாலைகளுக்குப் பெரிய எதிரி குளிர். லடாக்கில் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகும். கெட்டியாகப் போட்ட சாலை அந்தக் குளிரில் பிளக்காது என்று தோன்றலாம். நடப்பது நேர்மாறானது. கெட்டியான தார்தான் முதலில் பிளக்கும்.

தார்ச்சாலையின் எடையில் நூற்றுக்கு 95 பங்கு ஜல்லியும் கல்தூளும். ஏறக்குறைய 5 பங்குதான் தார். ஆனால் குளிரில் விரிசல் விடுமா விடாதா என்பதைப் பெரிதும் முடிவு செய்வது அந்த ஐந்து பங்குதான்.

எல்லாப் பொருளையும்போல சாலையும் குளிரில் சுருங்கும். தடையில்லாமல் சுருங்க விட்டால், 100 மீட்டர் நீளச் சாலை 50 டிகிரி குளிர்ந்ததும் பத்து சென்டிமீட்டருக்கு மேல் குறைந்துவிடும். ஆனால் அது கீழே உள்ள ஜல்லிப் படுகையோடு ஒட்டிக் கிடக்கிறது; முன்னும் பின்னும் சாலை தொடர்கிறது. சுருங்க இடமில்லாததால் உள்ளே இழுவிசை ஏறுகிறது. மிதமான வெப்பத்தில் தார் மெல்ல நெகிழ்ந்து அந்த இழுவையைத் தணித்துக்கொள்ளும். கடுங்குளிரில் தார் கண்ணாடிபோல விறைத்துவிடுவதால் நெகிழ வழியில்லை. இழுவை தாங்கும் எல்லையைத் தாண்டிய இரவில் சாலை குறுக்கே பிளக்கிறது. லாரி ஒன்றுகூட ஓடாத சாலையிலும், சில மீட்டருக்கு ஒன்றாக, ஓரத்திலிருந்து ஓரம்வரை கோடுகள் விழுவது இதனால்தான்.

ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் வேலை செய்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். டிரம்மில் 'ஃபேட் லிக்கர்' என்னும் எண்ணெய்க் கலவையை ஏற்றாமல் உலர்த்திய தோல் விறைத்துப்போகும், மடித்தால் வெடிக்கும். தாருக்குள்ளும் அப்படி ஓர் எண்ணெய்ப் பகுதி இருக்கிறது. அஸ்ஃபால்டீன் என்னும் கடினமான பொருள் அதில் பரவிக் கிடக்கிறது. வெயிலும் ஆக்சிஜனும் ஆண்டுக்கணக்கில் தாக்கத் தாக்க எண்ணெய்ப் பகுதி குறைந்து கடினப் பகுதி கூடுகிறது. மலை உச்சியில் புற ஊதாக் கதிர் வலுவாக விழுவதால் சாலையின் மேற்பரப்பு இன்னும் சீக்கிரம் மூப்படைகிறது.

விரிசல் விழுந்தபின் தண்ணீரின் வேலை தொடங்குகிறது. தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் 9 விழுக்காடு கூடும். பகலில் உருகி, இரவில் உறைந்து, விரிசலை அது அகலமாக்கிக்கொண்டே போகிறது. அடியில் இருப்பது வண்டல் போன்ற நுண்மண் என்றால் ஆபத்து இன்னும் பெரிது. அந்த மண் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலே அனுப்பும்; அங்கே அது பனிக்கட்டிப் பாளங்களாக வளர்ந்து சாலையையே மேலே தூக்கும். வசந்தத்தில் மேல்மண் முதலில் உருகும். கீழே இன்னும் பனி உறைந்திருப்பதால் தண்ணீர் வடிய வழியின்றி அடித்தளம் சேறாகிறது. கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் அந்தச் சில வாரங்களுக்குக் கனரக வண்டிகளின் எடையைக் குறைக்கச் சொல்லிச் சட்டமே இருக்கிறது.

தடுக்கும் வழி தார் தேர்விலேயே தொடங்குகிறது. கனடாவின் மனிடோபா மாகாணத்தில் 1967இல் போட்ட செயிண்ட் ஆன் சோதனைச் சாலை, குளிர் விரிசலில் தாரின் தன்மைக்குத்தான் முதன்மையான பங்கு என்று காட்டியது. அமெரிக்காவில் 1987 முதல் 1993 வரை நடந்த பெரிய ஆராய்ச்சித் திட்டம், ஊரின் வெப்பநிலையைப் பார்த்துத் தாரைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்தது. 'பிஜி 58-34' என்றால், சாலையின் வெப்பம் 58 டிகிரிக்கு ஏறினாலும் மைனஸ் 34க்கு இறங்கினாலும் தாங்கும் தார் என்று பொருள்.

நம் நாட்டில் 2006 முதல் விஜி-10, விஜி-30, விஜி-40 போன்ற தரங்களாகத் தாரைப் பிரிக்கிறார்கள். குளிர்ப் பகுதிக்கு மென்மையான விஜி-10. கடும் வெயிலும் கனரகப் போக்குவரத்தும் உள்ள இடத்துக்கு விஜி-40. இந்த எண்கள் 60 டிகிரியில் அளந்த பிசுபிசுப்பைக் குறிப்பவை. வேலூர்க் கோடையில் சாலை அந்த வெப்பத்தைத் தொடும் என்பதால் நமக்கு அது நல்ல அளவுகோல். மைனஸ் 20இல் அதே தார் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அந்த எண் சொல்லாது. ஆகவே பனி விழும் இடங்களில் குளிர்ச் சோதனையும் தேவை. நெகிழ்வு தரும் எஸ்பிஎஸ் போன்ற பாலிமர் கலந்த தாரும் அங்கே கைகொடுக்கும். அடித்தளத்தில் நுண்மண்ணை நீக்கி நீர் வடியும் கற்கலவை இடுவதும், ஓர வடிகால் வெட்டுவதும், கலவை ஆறுமுன் ரோலரால் நன்றாக அழுத்துவதும் அதற்கு ஈடான வேலைகள். லடாக்கில் சாலை போட ஆண்டில் சில மாதங்களே கிடைப்பதால் அங்கே ஒவ்வொரு நாளும் விலைமதிப்பற்றது.

நம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பனி இல்லை, சுமை இருக்கிறது. அச்சு எடை இருமடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும் என்று அமெரிக்காவின் இலினாய்ஸ் மாநிலத்தில் 1958–60இல் நடந்த சாலைச் சோதனை காட்டியது. சக்கரம் ஓடும் தடத்தில் முதலைத்தோல் போன்ற சின்னச் சின்னக் கட்டங்களாக விழும் விரிசல் அந்தச் சுமையின் விளைவு. இங்கும் கதையை முடித்துவைப்பது தண்ணீர்தான். வடகிழக்குப் பருவமழை உள்ளே இறங்கிவிட்டால் அடுத்தது பள்ளம்.

எனவே லடாக்குக்கும் ஆம்பூருக்கும் பொருந்தும் விதி ஒன்று உண்டு: விரிசலை மெல்லிய கோடாக இருக்கும்போதே சுத்தம் செய்து, ரப்பர் கலந்த தாரால் அடைத்துவிட வேண்டும். அங்கே முதல் பனிக்கு முன். இங்கே அக்டோபருக்கு முன். சாலை முழுவதையும் பெயர்த்துப் போடும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. நம் தெருவில் ஒரு கோடு தெரிந்தால், அது பள்ளமாகும்வரை காத்திருக்காமல் நகராட்சியிலோ ஊராட்சியிலோ சொல்வோம். பள்ளமான பின் ஒட்டும் 'பேட்ச்' வேலையைவிட, உரிய நேரத்தில் செய்யும் அந்த அடைப்புதான் சாலையின் ஆயுளைக் கூட்டும்.