கேள்வி உங்களுடையது, செலவு கல்லூரியுடையது

போலராய்டு கேமராவைக் கண்டுபிடித்த எட்வின் லேண்ட், 1957 மே மாதம் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஓர் உரை நிகழ்த்தினார். ஹார்வர்டில் சேர்ந்து, பட்டம் வாங்காமலே வெளியே வந்தவர் அவர். கல்லூரிக்குள் காலடி வைக்கும் நாளிலிருந்தே ஒவ்வொரு மாணவருக்கும் சொந்தமாக ஓர் ஆராய்ச்சி வேலை இருக்க வேண்டும் என்றார். 1969-இல் அவர் கொடுத்த நிதியைக் கொண்டு, மார்கரெட் மக்விகார் என்ற இளம் இயற்பியலாளர் இளநிலை மாணவர்களுக்கான ஆராய்ச்சித் திட்டத்தை அங்கே தொடங்கினார். அடுத்த பத்தாண்டில், 1979-இல், கால்டெக் என்ற இன்னோர் அமெரிக்கக் கல்வி நிறுவனம் தன் கோடைகால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்பை ஆரம்பித்தது.

கால்டெக்கின் நடைமுறையைக் கொஞ்சம் கவனியுங்கள். மாணவர் தனக்கு ஒரு வழிகாட்டியைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவரோடு பேசி, என்ன செய்யப்போகிறார் என்று எழுதித் தர வேண்டும். தேர்வானால் 10 வாரத்துக்கு உதவித்தொகை. நடுவில் முன்னேற்ற அறிக்கை, முடிவில் ஒரு கட்டுரை, அப்புறம் எல்லோர் முன்பும் எழுந்து நின்று பேச வேண்டும். மானியம் கேட்டு வாங்கி வேலை செய்யும் விஞ்ஞானியின் முழு அனுபவமும் 19, 20 வயதிலேயே கிடைத்துவிடுகிறது.

நம் ஊரில் ‘ஃபைனல் இயர் புராஜெக்ட்’ என்றாலே பலருக்கு புராஜெக்ட் சென்டர்தான் நினைவுக்கு வருகிறது. தலைப்பும் கோடிங்கும் அறிக்கையும் சேர்த்து விலைக்குக் கிடைக்கின்றன. வாங்குகிற மாணவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உனக்கு என்ன தெரிந்துகொள்ள ஆசை என்று மூன்று வருடமாக யாருமே அவர்களைக் கேட்டதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டு, கையில் கொஞ்சம் பணத்தையும் தருவதுதான் மாணவர் ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்.

இது நமக்குப் புதிதும் இல்லை. சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனுக்கு, சென்னைப் பல்கலைக்கழகம் 1913 மே முதல் மாதந்தோறும் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது. பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர், விதிப்படி பார்த்தால் அவருக்குத் தகுதியே கிடையாது. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். இந்த இளைஞரின் கணக்குகளில் கேம்பிரிட்ஜ் கல்லூரி ஆய்வாளர் ஒருவருக்கு உரிய தனித்தன்மை தெரிகிறது, பிழைப்பைப் பற்றிய கவலை இல்லாமல் சில ஆண்டுகள் அவர் கணிதத்தில் ஈடுபடப் பல்கலைக்கழகம் வழிசெய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். பதிலுக்குப் பல்கலைக்கழகம் கேட்டது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் அறிக்கை. இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறும் முன் ராமானுஜன் அப்படி மூன்று அறிக்கைகள் கொடுத்தார். இன்று ‘ராமானுஜனின் முதன்மைத் தேற்றம்’ என்று வழங்குவது அந்த அறிக்கைகளில் இருக்கிறது.

ராமானுஜன் அளவுக்கு மேதை வேண்டும் என்று யாரும் மிரள வேண்டாம். இதில் கவனிக்க வேண்டியது அந்தப் பரிந்துரைக் கடிதத்தைத்தான். வேலையைக் கண்ணால் பார்த்தவர் எழுதியது அது. விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முந்தைய நாள் துறைக்குள் நுழைந்து, “மேடம், இதுல ஒரு கையெழுத்து வேணும்” என்றால், “என்னப்பா, நாளைக்குக் கடைசித் தேதி, இன்னிக்கு வந்து நிக்கிறே?” என்றுதான் பதில் வரும். கையெழுத்து கிடைத்தாலும், ‘ஒழுக்கமான, கடின உழைப்பாளியான மாணவர்’ என்ற அச்சடித்த வாக்கியத்தோடு கிடைக்கும். அந்தக் கடிதத்தால் பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை. ஒரு மாதம் முன்பே ஒரே ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அவர் அதைத் திருத்தட்டும், திட்டட்டும். திட்டிய பேராசிரியர்தான் நல்ல கடிதம் எழுதுவார். உங்கள் கேள்வி அவருக்குள்ளும் போய்விட்டிருக்கும்.

பெரும்பாலான விண்ணப்பங்கள் சறுக்குவது தலைப்பிலேயே. ‘பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் மாசு: ஓர் ஆய்வு’ என்று ஒருவர் எழுதுகிறார் என்று வையுங்கள். இதை முடிக்கப் பத்து ஆண்டும் ஒரு பரிசோதனைக்கூடமும் வேண்டும். ‘பெருங்குடி குப்பைக் கிடங்கை ஒட்டிய கரையில் இருக்கும் நீருக்கும், தள்ளியிருக்கும் கரையின் நீருக்கும் கரைந்த ஆக்சிஜன் அளவில் எவ்வளவு வித்தியாசம்?’ என்று கேட்டால் அது ஒரு மாணவரால் பதில் காணக்கூடிய கேள்வி. அங்கேயும் இரண்டு சிக்கல் உண்டு. அது காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் மாதிரி எடுக்க முடியாது. அனுமதிக்கு எப்போது விண்ணப்பிப்பீர்கள் என்பதையும் திட்டத்தில் எழுத வேண்டும். அடுத்து, பருவமழைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவேன் என்று ஆசைப்பட்டு எழுதிவிட்டால் சிக்கல்தான்: கோடைகால உதவித்தொகை மே, ஜூனுக்கு. வடகிழக்குப் பருவமழையோ அக்டோபரில்தான் வரும். தேர்வுக் குழுவில் விவரம் தெரிந்த ஒருவர் இருந்தால் அந்த வரியோடு விண்ணப்பத்தை மூடி வைத்துவிடுவார்.

இதே கோடை, தெருக்கூத்தை ஆராய நினைப்பவருக்கு வரப்பிரசாதம். வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக்கள் நடக்கும் பருவம் அது. ஒப்பனை எப்படிக் கைமாறி வருகிறது என்று ஒரே ஒரு ஜமாவின் (கூத்துக் குழுவின்) கூடவே இருந்து பதிவு செய்யலாம். ஆனால் செலவுப் பட்டியலில் பஸ் கட்டணத்தையும் ஹார்டு டிஸ்க்கையும் எழுதுகிறவர்கள், நாள் முழுக்க உட்கார்ந்து பேசப்போகும் கலைஞருக்கு ஒரு தொகையை எழுத மறந்துவிடுகிறார்கள். அவர் அறிவு இலவசம் என்று நாம் எப்படி முடிவு செய்தோம்? செலவுப் பட்டியலைப் பார்த்தாலே, விண்ணப்பித்தவர் களத்தை மனதுக்குள் ஒருமுறை நடந்து பார்த்தாரா என்பது தெரிந்துவிடும். எல்லாமே ஐயாயிரம், பத்தாயிரம் என்று முழு எண்ணாக இருந்தால், நடக்கவில்லை என்று அர்த்தம்.

ஆங்கிலத்தில் எழுத வேண்டுமே என்று ஒதுங்குகிற முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. முதலில் வேறு துறை நண்பர் ஒருவரிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள். அவருக்குப் புரிந்து, “சரி, அதைத் தெரிஞ்சு என்ன பண்ணப்போறே?” என்று கேட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அதற்கு நீங்கள் சொல்லும் பதிலை அப்படியே எளிய ஆங்கிலத்தில் எழுதினால் போதும். கனமான சொற்களைத் தேடிப் போடுவதால் மதிப்பெண் கூடாது.

உங்கள் கல்லூரியில் இப்படி ஒன்று இல்லையென்றால் வெளியே தேடலாம். இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் இருக்கிறது. தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றமும் மாணவர் திட்டப்பணிகளுக்கு நிதி தருகிறது. என்றாலும் சொந்தக் கல்லூரி தரும் தொகைக்கு ஈடில்லை. பெரிய தேசியப் போட்டியில் தயங்குகிற பிள்ளை, தன் துறையின் கதவைத் தட்டத் தயங்காது.

இதற்குக் கோடிகள் வேண்டியதில்லை. வருடத்துக்குப் பத்துப் பேர், ஆளுக்கு 15,000 ரூபாய் என்றால் ஒன்றரை லட்சம். கல்லூரிகளின் தரத்தை அளக்கும் நாக் மதிப்பீட்டில், ஆசிரியர்களின் ஆராய்ச்சிக்குக் கல்லூரி சீட் மணி (தொடக்க நிதி) தருகிறதா என்று கேட்டு வந்திருக்கிறார்கள். அதற்காகவே பல தன்னாட்சிக் கல்லூரிகள் தனியாக நிதி ஒதுக்கி, விண்ணப்பப் படிவமும் தேர்வுக் குழுவும் வைத்திருக்கின்றன. அந்தப் படிவத்தில் ‘ஆசிரியர்’ என்ற இடத்தில் ‘மாணவர்’ என்று சேர்க்க அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும். முன்னாள் மாணவர் சங்கங்களும் மண்டபத்துக்கும் நுழைவாயில் வளைவுக்கும் கொடுப்பதில் ஒரு பங்கை இதற்குத் தரட்டும். இந்த ஜூனில் கல்லூரிகள் திறக்கும்போது, எந்த முதல்வராவது அறிவிப்புப் பலகையில் அந்தப் படிவத்தை ஒட்டச் சொல்வாரா?