சிலையைப் பேச வைக்கும் வேலை

சோழவந்தான் என்றதும் வெற்றிலைக் கொடிக்கால் நினைவுக்கு வரும். வைகைப் பாசனமும் தென்னந்தோப்பும் நினைவுக்கு வரும். பழைய ரசிகர்களுக்கு டி. ஆர். மகாலிங்கத்தின் பாட்டு நினைவுக்கு வரும். கலைக்காட்சி சாலை உத்தியோகம் மட்டும் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. ஆனால், அந்த வேலைக்கு வேண்டிய மூலதனம் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளிடம் ஏராளமாக இருக்கிறது!

படிக்கும்போதோ, படித்து முடித்த கையோடோ, காட்சி சாலையில் சில மாதங்கள் இருந்து வேலை பழகுவதை இப்போது ‘இன்டர்ன்ஷிப்’ என்கிறார்கள். பட்டறையிலும் கடையிலும் கூடமாட இருந்து நம் பெரியவர்கள் தொழில் கற்றார்களே, அதே வழிதான். இதில் இரண்டு பிரிவுகள் உண்டு. கலைப் பொருள்களைப் பத்திரமாகவும் பாங்காகவும் வைத்துக் காட்டுவது ஒன்று. பார்க்க வருகிறவர்களுக்கு, முக்கியமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, அவற்றைப் புரிய வைப்பது மற்றொன்று.

‘செத்த காலேஜ்’

சென்னை எழும்பூர் காட்சி சாலை 1851-இல் ஏற்பட்டது. அதற்குப் பட்டணத்து மக்கள் வைத்த பெயர் ‘செத்த காலேஜ்’. மிருகக்காட்சி சாலைக்கு ‘உயிர் காலேஜ்’ என்று பெயர். வேடிக்கையான பெயர்தான், ஆனாலும் அதில் ஓர் உண்மை இருக்கிறது. எடுத்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் எந்தச் சிலையும் செத்த பொருள்தானே!

அங்கே சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் உலகப் புகழ் பெற்றவர். இத்தகைய திருமேனிகள் பலவற்றின் பீடத்தில் துளைகளையோ வளையங்களையோ காணலாம். “இவை எதற்கு?” என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். ஜெனகை மாரியம்மன் திருவிழாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளை விழிக்காது. “சாமி புறப்பாட்டுக்கு!” என்று சொல்லிவிடும்.

ஆம், அது தெருவில் உலா வந்த தெய்வம். கோவிலில் பட்டும் மாலையும் சாத்தியிருந்தபோது முகம் மட்டுமே தெரிந்தது. இடையின் வளைவும் விரல்களின் நெளிவும் முழுவதுமாகத் தெரிவது காட்சி சாலையில்தான். ஒரு சிறு துளையிலிருந்து எத்தனை பாடம் கிளம்புகிறது, பாருங்கள்!

நாற்பதைக் காட்டாதே, நாலைக் காட்டு. சொல்வதற்கு முன் கேள். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் பழகுகிறவருக்கு இதுதான் முதல் பாடம்.

தொடுவதிலும் பாடம்

பொருள்களைக் கையாள்வதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். சிலையைக் கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அடியைத் தாங்கித்தான் தூக்க வேண்டும். வியர்வையில் உப்பு இருப்பதால் வெறுங்கை பட்டால் உலோகத்தில் கறை விழும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் பச்சைப் பொடி பூத்து, செம்பையே அரித்துவிடும். இத்தகைய நோய்களைக் கவனிக்க எழும்பூரில் 1930-இலேயே ரசாயனக் கூடம் ஏற்பட்டது. பழைய துணிக்கும் நீர்வண்ணப் படத்துக்கும் வெளிச்சமே பகை. ஆகையால் 50 லக்ஸ் அளவுக்கு மேல் ஒளி விழாமல் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்தது விளக்கச் சீட்டு. ‘உற்சவ மூர்த்தி, செம்பு, 11-ஆம் நூற்றாண்டு’ என்று எழுதுவது சுலபம். பண்டிதருக்கும் பிழை தெரியாமல், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்படி, 50 சொற்களுக்குள் எழுதுவதுதான் கஷ்டம்!

எங்கே தொடங்கியது?

அமெரிக்காவில் பாஸ்டன் நுண்கலைக் காட்சி சாலை, பார்வையாளருக்கு விளக்கிச் சொல்வதற்கென்றே 1907-இல் ஆட்களை ஏற்படுத்தியது. நெவார்க் காட்சி சாலை 1925-இல் வேலை பழகுவோருக்கு ஒரு பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. நம் நாட்டில் பரோடா பல்கலைக்கழகம் 1952-இல் காட்சி சாலைக் கல்வியை ஆரம்பித்தது. தமிழ்நாட்டில், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவில் பயிற்சி மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி கட்டிய பழைய வீடுகளே அங்கே காட்சிப் பொருள்கள்!

சான்றிதழைச் சாப்பிட முடியுமா?

இனி, கசப்பான விஷயம். உலகெங்கும் பல இடங்களில் இந்தப் பயிற்சிக்குச் சம்பளம் இல்லை, சான்றிதழ் மட்டுமே. பட்டணத்தில் சொந்த வீடு உள்ளவருக்கு அது போதும். கொடிக்காலில் கூலி வேலை செய்பவரின் மகள் மூன்று மாத வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எங்கே போவாள்? வசதியுள்ளவர் மட்டுமே உள்ளே நுழைந்தால், புறப்பாடு பார்த்த கண்கள் வெளியிலேயே நின்றுவிடும். நஷ்டம் அந்தப் பெண்ணுக்கு மட்டுமல்ல, காட்சி சாலைக்கும்தான். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ கலைக்காட்சி சாலை இயக்குநர்களின் சங்கம், பயிற்சியாளருக்கு ஊதியம் தர வேண்டும் என்று 2019-இல் தீர்மானம் போட்டது. அந்த எண்ணம் இங்கும் பரவ வேண்டும்.

ஊரிலேயே ஒத்திகை

மதுரையில் ராணி மங்கம்மாளின் தமுக்கம் மாளிகையில் 1959-இல் நேரு திறந்து வைத்த காந்தி நினைவுக் காட்சி சாலையும், கீழடியில் 2023-இல் திறந்த காட்சி சாலையும் இந்த ஊருக்கு எட்டாத தூரத்தில் இல்லை. வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய இடங்களில் பயிற்சி கிடைத்தால் வாடகைக் கவலை பாதி தீர்ந்தது. ஆர்வமுள்ளவர்கள் எழுதிக் கேட்கலாம். என்ன வேலை, எத்தனை நாள், படி உண்டா என்பதையும் கூச்சமின்றிக் கேட்டுவிட வேண்டும்.

அதற்கு முன் ஓர் ஒத்திகை. ஆற்றுக்கு அக்கரையில் தென்கரை மூலநாதசுவாமி கோவிலில் கல்வெட்டுகள் இருக்கின்றன. பத்துப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். ஒரே ஒரு தூணைப் பற்றிக் கால்மணி நேரம் பேசுங்கள். பிள்ளைகள் திரும்பிக் கேள்வி கேட்டால், இந்த வேலை உங்களுக்கு வரும் என்று தைரியமாக நம்பலாம்!