டிக்கெட்டும் சர்வரும்

மாட்டுங்காவில் சர்வர் என்றால் இட்டிலியும் சாம்பாரும் கொண்டு வருபவர் என்றே நம் பெரியோர் அறிவர். செம்பூரிலும் தாராவியிலும் வளரும் பேரப்பிள்ளைகளோ வேறொரு சர்வரைப் பற்றிப் பேசுகின்றனர். ஜாவா மொழியில் எழுதிய பெரிய நிரல்களைத் தாங்கி நின்று, ஏககாலத்தில் பல்லாயிரம் பேருக்கு விடையளிக்கும் 'அப்ளிகேஷன் சர்வர்' அது. நாம் ரயில்வே குமாஸ்தா. இத்துறையில் புலமை பெற்றவர் அல்லோம். எனினும் பொங்கலுக்கு ஊர் போகும் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் இதனோடு தொடர்பு உண்டாதலின், அறிந்தவரை எழுதுகிறோம்.

தட்கால் முன்பதிவு குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணிக்கும், ஏனையவற்றுக்கு 11 மணிக்கும் திறக்கிறது. அந்நேரத்தில் நாடெங்குமுள்ள மக்கள் ஒரே வாயிலில் வந்து மோதுகின்றனர். 2002 இல் தொடங்கிய ஐ.ஆர்.சி.டி.சி. தளம், நிமிடத்திற்கு 2,000 டிக்கெட் என்ற எல்லையில் திணறியது. 2014 இல் ரயில்வேயின் கிரிஸ் நிறுவனம் புதிய அமைப்பை நிறுவவே, அவ்வெல்லை 7,200 ஆயிற்று. இதில் கவனிக்கத்தக்கது யாதெனில், தகவல்களைக் கணினியின் நினைவகத்திலேயே வைத்து விரைந்து எடுத்துத் தரும் ஜெம்ஃபயர் என்னும் மென்பொருளையும் அவர்கள் சேர்த்துக் கொண்டதுதான். சர்வரை மாற்றினால் போதும், கூட்டம் தீரும் என்று எவரேனும் கூறினால் நம்ப வேண்டா. கிடங்கிலிருந்து சரக்கு வரத் தாமதமாயின், கடைவாயிலை அகலமாக்கி என்ன பயன்?

இனித் தேர்வுக்கு வருவோம். டாம்கேட் இலவசம், சிறியது. பக்கங்களைக் காட்டித் தரவுத்தளத்தில் பதிவு செய்யும் வேலைக்கு அது தாராளமாகப் போதும். இரண்டு தரவுத்தளங்களில் எழுதும்போது, இரண்டிலும் பதிவாக வேண்டும் அல்லது ஒன்றிலும் பதிவாகலாகாது என்ற உறுதி வேண்டுமாயின், அவ்வசதியைத் தன்னகத்தே உடைய முழுமையான சர்வர் தேவை. ஒயில்டுஃப்ளை அத்தகையது, அதுவும் இலவசமே. ஆரக்கிளின் வெப்லாஜிக், ஐ.பி.எம்மின் வெப்ஸ்பியர் ஆகியவற்றைத் தொழிலில் பயன்படுத்த உரிமக் கட்டணம் உண்டு. பெரிய வங்கிகள் அதனைத் தாங்கும். தாராவியில் தோற்பை விற்பவர் ஏன் தாங்க வேண்டும்?

ஆயினும் ஒன்று. பணம் கழிந்து டிக்கெட் வராத துன்பத்தை நம்மவர் பலர் அறிவர். வெளியாரது வங்கி நம் சர்வரின் ஆணைக்கு உட்பட்டதன்று. பணத்தைத் திருப்பும் ஏற்பாட்டை நிரல் எழுதுவோரே தனியாக எழுத வேண்டும்; எவ்வளவு விலையுயர்ந்த சர்வரும் அதனைத் தானே செய்யாது.

வேலை தேடும் இளைஞருக்கு மற்றொரு செய்தி. ஜாவாவின் இப்பெருந்தொகுதியை ஆரக்கிள் 2017 இல் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்க முடிவு செய்தது. பழைய பெயரைப் பயன்படுத்த இசைவு கிட்டாமையால், 2018 இல் அது ஜகார்த்தா எனப் பெயர் மாறியது. 2020 இல் நிரலுக்குள் வரும் 'ஜாவாக்ஸ்' என்ற சொல்லும் 'ஜகார்த்தா' ஆயிற்று. டாம்கேட் 9 பழைய பெயரை அறியும். டாம்கேட் 10 புதியதையே அறியும். ஆகவே பழைய நிரலை அப்படியே புதிய சர்வரில் ஏற்றினால் ஓடாது. மாற்றித் தரும் கருவி இலவசமாகவே கிடைக்கிறது.