எல்லை கடக்கும் கால்நடை மருத்துவர்

உத்தமபாளையத்தினின்று கம்பம், கூடலூர் வழியாக மலையேறிச் சென்றால் குமுளிச் சாவடி வந்துவிடும். சாவடிக்கு இப்பால் தமிழ்நாடு. அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். முல்லைப் பெரியாற்று நீர் 1895-ஆம் ஆண்டு முதல் அம்மலையினின்று இறங்கி நம் பள்ளத்தாக்கின் வயல்களை நனைத்து வருகின்றது. கோமாரி நோய்க்குச் சாவடி ஏதும் தெரியாது. ஆனால் அந்நோயைத் தடுக்க வரும் மருத்துவர் எல்லையைக் கடக்கும்போது ஒரு கேள்வி எழவே செய்கின்றது.

உத்தமபாளையத்தில் பிறந்த பெண்மணி ஒருவர் திருச்சூரை அடுத்த மண்ணுத்தியில், 1955-இல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார் என்று வைத்துக்கொள்வோம். இது புதுமையன்று. மாநிலக் கல்லூரிகளின் இடங்களில் நூற்றுக்குப் பதினைந்து அனைத்திந்திய அடிப்படையில் நிரப்பப்படுவதால், நம் பிள்ளைகள் அங்கும் அவர்தம் பிள்ளைகள் இங்கும் பயில்கின்றனர். பட்டம் பெற்ற அவர் கேரளத்திலேயே பெயரைப் பதிவு செய்துகொண்டு, சில ஆண்டுகள் இடுக்கியில் தொழில் செய்தார். இப்போது பெற்றோரைக் கவனிக்க ஊர் திரும்பிப் பலகை மாட்டியிருக்கிறார். "அங்கே வாங்கிய பதிவு இங்கே செல்லுமா, அம்மா?" என்று மாடு வைத்திருப்போர் கேட்கின்றனர். கேட்க வேண்டிய கேள்விதான்.

நமது அரசியலமைப்பில் கால்நடை மருத்துவக் கல்வியும் தொழிலும் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. ஆகவே, மாநிலங்கள் சில தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டுக்கொண்ட பின்னரே பாராளுமன்றம் 1984-இல் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டத்தை இயற்றியது. அதன்படி புது தில்லியில் ஒரு கழகமும், மாநிலந்தோறும் ஒரு கழகமும் இயங்குகின்றன. மாநிலக் கழகம் மாநிலப் பதிவேட்டை வைத்திருக்கின்றது. அப்பதிவேடுகளில் உள்ள பெயர்களெல்லாம் சேர்ந்ததே இந்தியப் பதிவேடு. அங்கீகரிக்கப்பட்ட பட்டங்கள் நாடு முழுமைக்கும் ஒன்றே. எனவே மண்ணுத்திப் பட்டதாரி சென்னையில் மீண்டும் தேர்வெழுத வேண்டுவதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தேர்வு பொதுவாயினும், ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியே உரிமம் பெற்றாக வேண்டும். நம் ஏற்பாடு அதனினும் எளிது.

பதிவு பெறாத எவரும் எந்த மாநிலத்திலும் கால்நடை மருத்துவத் தொழில் செய்தல் கூடாதென்பது சட்டம். பதிவு பெற்றவர் சாவடியைத் தாண்டிய மாத்திரத்தில் போலி வைத்தியராகிவிடுவார் என்று அதற்குப் பொருளில்லை. வேறு மாநிலத்தில் தொழில் நடத்துபவர் பதிவை மாற்றிக்கொள்ள விண்ணப்பம் செய்யலாம் என்றே சட்டமும் கூறுகின்றது. அங்ஙனமாயின் மாற்றிக்கொள்வது எதற்காக?

மாட்டுக்காரரின் பக்கம் நின்று பார்த்தால் விடை விளங்கும். கறவைப் பசு ஒன்று தவறான சிகிச்சையால் மடிந்துபோகிறது. கடன்பட்டு வாங்கிய பசு. குடும்பமே அதன் பாலை நம்பியிருந்தது. தொழில் ஒழுக்கம் தவறிய மருத்துவரின் பெயரைப் பதிவேட்டினின்று நீக்கும் அதிகாரம் மாநிலக் கழகத்துக்கு உண்டு. ஆனால் மருத்துவரின் பெயர் வேறொரு மாநிலத்தின் ஏட்டில் இருக்குமாயின், உத்தமபாளையத்துக் குடியானவர் முறையீட்டை எங்கே கொண்டு செல்வார்? மலைக்கு அப்பால், அறியாத மொழியில் எழுதிப் போட வேண்டியதுதான். தொழில் செய்யுமிடத்தின் ஏட்டில் பெயர் இருப்பது மருத்துவருக்கு வசதி; மாட்டுக்காரருக்கோ அதுவே காப்பு. இவ்விரண்டில் பின்னதையே நாம் பெரிதாகக் கருதுகிறோம்.

மாற்றுவதற்குச் சட்டம் காட்டும் வழி சற்று எதிர்பாராதது. சென்னையிலுள்ள மாநிலக் கழகத்துக்கு எழுதினால் போதுமென்று பலரும் எண்ணக்கூடும். விண்ணப்பம் செல்ல வேண்டியது புது தில்லிக் கழகத்துக்கு. புதிய மாநிலத்தின் புதுப்பித்தல் கட்டணத்துக்கு மேற்படாத ஒரு கட்டணம் உண்டு. கழகம் பணித்ததும் பழைய ஏட்டில் பெயர் நீக்கப்பட்டுப் புதிய ஏட்டில் சேர்க்கப்படும். இரு மாநிலக் கழகங்களும் அப்பணிப்புக்கு உட்பட்டேயாக வேண்டும். விண்ணப்பித்தவர் மீது ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தாலோ, நேர்மையான நோக்கத்தோடு கேட்கவில்லை என்று தோன்றினாலோ, அவர் சொல்வதைக் கேட்ட பிறகு விண்ணப்பத்தைத் தள்ளிவிடலாம். ஓரிடத்தில் பிழை செய்தவர் மலையிறங்கி வந்து புதுப் பலகை மாட்டுவதற்கு இதுவே தடை. போடியிலிருந்து பெரியகுளத்துக்கு மாறுதல் பெறும் அரசு மருத்துவருக்கு இத்தொல்லை ஏதுமில்லை. ஏடு மாநிலம் முழுமைக்கும் ஒன்றல்லவா?

மருத்துவரின் கையெழுத்துக்கு ஊசி மருந்தைப் போலவே மதிப்புண்டு. 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி, மாட்டை ரயிலிலோ லாரியிலோ ஏற்றுமுன், அது பயணத்துக்குத் தகுந்தது, தொற்றுநோய் அற்றது என்று தகுதி பெற்ற மருத்துவர் சான்று தர வேண்டும். சான்றில்லையேல் ஏற்றுபவர் மறுத்துவிட வேண்டியதே. காப்பீடு செய்த மாடு இறந்தாலும் மருத்துவரின் சான்று இன்றிப் பணம் வருவது கடினம். எனவே சான்றை வாங்கும்போதே கையெழுத்தின் கீழ்ப் பதிவு எண் தெளிவாக இருக்கின்றதா, அது எந்த மாநிலத்துப் பதிவு என்று பார்த்துக்கொள்வது நன்று. கேட்பதை மரியாதைக் குறைவாக எந்த நல்ல மருத்துவரும் கொள்ளமாட்டார்.

தடுப்பூசி போடுதல், காயத்துக்குக் கட்டுதல், காயடித்தல் போன்ற சிறு பணிகளைச் செய்யும் உதவியாளர்களின் நிலை வேறு. அவர்கள் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில், மாநில அரசின் ஆணையால் அனுமதி பெற்றுப் பணியாற்றுபவர்கள். அவர்களுக்குப் பதிவுமில்லை, ஆகவே பதிவு மாற்றமுமில்லை. எல்லைக்கு அப்பால் பணியாற்ற விரும்பினால் அம்மாநில அரசின் ஆணையையே அவர்கள் பார்க்க வேண்டும்.

ஊர் திரும்பிய அம்மருத்துவர் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்றுண்டு. பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பெயர் தமிழ்நாட்டு ஏட்டுக்கு வந்த பின் அக்கட்டணத்தைச் செலுத்த வேண்டிய இடம் சென்னை.