எடை குறைகிறது, எது குறைகிறது?

விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூர் தெருக்களில் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு பெண்கள் ஏறி நெருக்கியடித்து உட்கார்ந்ததும், போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் புறப்படும். ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய்ப்பது உச்சியில் அல்ல. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரத்தில்தான். காய் எடுக்கிறவர்கள் சரிவில் நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும் நகர வேண்டும்.

இந்த உடல்களுக்கு எவ்வளவு சாப்பாடு வேண்டும்? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. 55 கிலோ எடையுள்ள பெண், உட்கார்ந்தே வேலை பார்த்தால் ஒரு நாளைக்கு 1,660 கலோரி. நடுத்தர உழைப்பு என்றால் 2,130. கடும் உழைப்புக்கு 2,720. காய் எடுப்பை எந்த வகையில் சேர்த்தாலும் 2,130-க்குக் கீழே வராது.

அதே பெண்ணின் வீட்டில், கல்லூரிக்குப் போகும் மகளின் செல்போனில் வேறொரு கணக்கு ஓடுகிறது: தினம் 800 கலோரி, ஒரே மாதத்தில் பத்து கிலோ. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

ஆனால் 55 கிலோ உடல் அசையாமல் படுத்துக் கிடந்தாலும் இதயம் துடிக்க, மூளை இயங்க, சூடு காக்க ஏறத்தாழ 1,190 கலோரி செலவாகும். ஊட்டச்சத்து நிறுவனத்தின் எண்களிலேயே பொதிந்திருக்கிற அளவு இது. போடியிலிருந்து போடிமெட்டு வரை ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம். அந்த மகள் அதை நடந்தே ஏறினால், உயரத்துக்கு மட்டும் சுமார் 500 கலோரி போய்விடும். 800 கலோரி உணவு மலையேறப் போதாது என்பது இருக்கட்டும், படுத்துக் கிடக்கவே போதாது.

பற்றாக்குறை வந்தால் உடல் கொழுப்பைத்தானே எரிக்கும், அதுதானே வேண்டும் என்று தோன்றும். பாதிதான் சரி. முதல் வாரத்தில் தராசு காட்டும் இறக்கத்தில் பெரும்பகுதி தண்ணீர். ஈரலிலும் தசையிலும் சேமித்த கிளைகோஜன் கரையும்போது, ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகிறது. அதற்குப் பிறகு கொழுப்போடு தசையும் கரைகிறது. பற்றாக்குறை எவ்வளவு பெரிதோ, புரதம் எவ்வளவு குறைவோ, அந்த அளவுக்குத் தசையின் பங்கு ஏறும்.

உழைக்கும் உடலுக்கு எவ்வளவு உணவு போதும் என்ற சண்டை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877-ன் தொடக்கத்தில், நிவாரணப் பணியில் மண் சுமந்த ஆண்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று, பிரிட்டிஷ் இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் கூலியை வெட்டினார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். அரிசியானால் 1,600 கலோரி. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் விடாமல் எதிர்த்தார். சும்மா இருப்பவனுக்கே காணாத அளவைக் கொடுத்து வேலை வாங்கினால் உடல் தேய்ந்து சாவான் என்பது அவர் வாதம். பிறகு கூலி கூட்டப்பட்டது. டெம்பிள் பார்த்தது கஜானாவை, கார்னிஷ் பார்த்தது உடம்பை. இன்றைய டயட் வீடியோக்களில் பலவும் டெம்பிளின் அளவில் பாதியைத்தான் சிபாரிசு செய்கின்றன.

கார்னிஷ் சொன்னதை 67 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பரிசோதனை அளந்து காட்டியது. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலியலாளர் ஆன்செல் கீஸ், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார். ஐரோப்பாவில் பட்டினி கிடக்கும் மக்களை எப்படி மீட்பது என்று அறிவதே நோக்கம். 24 வாரம், தினம் சுமார் 1,570 கலோரி, வாரம் 22 மைல் நடை. எடையில் கால்வாசி போனது. கூடவே இதயத்துடிப்பு மந்தமானது, கோடையிலும் குளிரெடுத்தது, உடலின் அடிப்படைச் செலவு ஏறக்குறைய 40 சதவீதம் விழுந்தது. வரவு குறைந்த வீடு விளக்கை அணைப்பதுபோல உடலும் ஒவ்வொன்றாக அணைத்தது. மனமும் தப்பவில்லை. சமையலறைப் பக்கம் போகாதவர்கள்கூடச் சமையல் புத்தகங்களைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். மறுபடி வயிறாரச் சாப்பிட விட்டபோது முதலில் திரும்பியது கொழுப்பு. தசை பின்னால் மெதுவாக வந்தது.

அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக் குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்த கெவின் ஹாலின் 2016 ஆய்வும் இதே பக்கம் சாய்கிறது. சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு 41 கிலோ திரும்பியிருந்தது. ஆனாலும் அவர்கள் உடல் ஓய்வில் எரித்தது, எதிர்பார்த்ததைவிடத் தினம் சுமார் 500 கலோரி குறைவு.

நமக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல். 2004-ல் ‘லான்செட்’ இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் தங்கள் படத்தைப் போட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீடு ஒன்றேதான்: 22.3. உடலில் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. மெலிந்து தெரியும் இந்திய உடலில் தசை பொதுவாகக் குறைவு. சர்க்கரையை உறிஞ்சி ரத்தத்தைச் சீராக்குவதில் பெரும்பங்கு அந்தத் தசைக்குத்தான். சர்க்கரை நோய்க்குப் பயந்து பட்டினி கிடப்பவர், காவலாக நின்றதையே கரைத்துவிடுகிறார்.

அப்படியானால் 800 கலோரி எப்போதும் தவறா? இல்லை. 2017-ல் பிரிட்டனில் ராய் டெய்லரும் மைக் லீனும் நடத்திய ஆய்வில், உடல் பருத்த நீரிழிவாளர்கள் மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளுக்கு 825 முதல் 853 கலோரியில் இருந்தார்கள். ஓராண்டில் 46 சதவீதம் பேருக்கு நோய் தணிந்தது. ஆனால் அது புரதமும் தாதுக்களும் அளந்து கலந்த தயாரிப்பு. மருத்துவக் கண்காணிப்பும், பழைய உணவுக்குப் படிப்படியாகத் திரும்பும் திட்டமும் உண்டு. இவற்றில் அலட்சியம் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 1970-களின் அமெரிக்கத் திரவப் புரத டயட் சாட்சி: தரமற்ற புரதத்தை மட்டும் குடித்து வாழ்ந்தவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இதயம் நின்று இறந்தார்கள்.

சாவு வரை போகாத தொந்தரவுகள்தான் வழக்கம். இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாக முடி கொட்டும்; அப்போது ஷாம்புவைக் குறை சொல்வார்கள். வேகமாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் சேரும். மாதவிலக்கு தள்ளிப்போகும், நின்றும்விடும்.

பொதுவாக மருத்துவர்கள் சொல்வது, அவரவர் தேவையிலிருந்து சுமார் 500 கலோரி குறைத்து, முட்டை, பருப்பு, மோர், மீன் போன்றவற்றை விட்டுவிடாமல் இருப்பது. வாரத்துக்கு அரைக் கிலோ போகும். உட்கார்ந்து படிக்கும் மகளுக்கு அது 1,160 கலோரி. காய் எடுக்கும் அம்மாவுக்கு 1,630. மகளின் கணக்கை அம்மா பின்பற்றினால் பிற்பகலில் தோட்டத்துச் சரிவிலேயே தலைசுற்றும்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் கூடுதல் எடை, 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டும் ஒரே உடலில் இருப்பது அபூர்வமல்ல. டயட் தொடங்குமுன் அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொண்டால், தட்டில் எதைக் குறைக்கக் கூடாது, கீரையும் ஈரலும் போல எதைக் கூட்டுவது என்று தெரிந்துவிடும்.