கச்சானுக்கு முன்னே பூத்துவிட வேண்டும்

திருகோணமலைப் பக்கத்துத் திரியாயில் வளவுகள் சின்னவையல்ல. ஆனால் மே மாதம் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் பூக்கன்றுக்கென்று மிஞ்சுவது கிணற்றடியும் விறாந்தை ஓரமும்தான். தண்ணீரும் நிழலும் எட்டுகிற அந்த நாலடிதான் கோடையில் பூந்தோட்டம். கட்டாக்காலி மாடுகளையும் கணக்கில் எடுத்தால் அதிலும் பாதி போய்விடும்.

அந்த நாலடிக்குப் பலூன் பூ சரிவருமா? விதைப் பக்கெற்றுப் படத்தைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். ஐந்து இதழும் ஒட்டியபடி மொட்டு காற்றடைத்ததுபோல் உப்பி, பிறகு நீல நட்சத்திரமாக விரியும். வெள்ளையும் இளஞ்சிவப்பும் உண்டு. விரிந்ததும் முதலில் மகரந்தம் வெளிப்படும். அது தீர்ந்த பிறகே சூல்முடி ஐந்தாகப் பிரியும். தன் மகரந்தம் தனக்கே சேராதிருக்கப் பூ செய்துகொண்ட ஏற்பாடு.

சீனா, கொரியா, யப்பான் பக்கத்துச் செடி இது. கொரியர்களுக்கு இது கறியும்கூட. 'தொராஜி' என்று சொல்லி, தடித்த வேரைக் கீற்றாகக் கிழித்து, உப்புப் போட்டுப் பிசைந்து கசப்பெடுத்து வதக்கிச் சோற்றோடு சாப்பிடுவார்கள். அங்கே வேலைக்குப் போய்வந்த நம் பொடியன்களில் சிலர், பூவைக் காணாமலே வேரைத் தின்றிருப்பார்கள்.

நமக்குச் சிக்கலும் அந்த வேரில்தான். பனிக்காலத்தில் மேற்செடி பட்டுப்போக, வேர் மண்ணுக்குள் உறங்கி அடுத்த வசந்தத்தில் துளிர்க்கும். அந்தக் குளிர் உறக்கம் கடற்கரை வெப்பத்தில் வாய்க்காது. நுவரெலியாவில் பல வருஷம் நிற்கும் என்று நம்பி நடலாம். திரியாயில் ஒரு மாரிக்குரிய விருந்தாளியாக வைத்துக்கொள்வதே புத்தி.

அப்படியானால் குட்டை இனமே வேண்டும். சாதாரண இனம் இரண்டு அடிக்கு மேல் வளர்ந்து, முட்டுக் கொடுக்காவிட்டால் சாய்ந்துவிடும். விதைத்த வருஷமே பூக்கும் என்றும் சொல்ல முடியாது. 'அஸ்ட்ரா', 'சென்ரிமென்ரல் புளூ' போன்றவை 15 முதல் 20 சென்ரிமீற்றரோடு நின்றுவிடும், முதல் வருஷமே பூக்கும். சாடியோடு தூக்கி நிழலுக்கு மாற்றலாம் என்பதுதான் எனக்குப் பெரிய வசதியாகப் படுகிறது.

நவம்பரில் விதைக்கலாம். விதை பொடி, முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் மண் போட்டு மூடக்கூடாது, ஈரமண்ணில் தூவி மெல்ல அழுத்தினால் போதும். வாடைமழை அடித்துக்கொண்டு போகாமல் தாழ்வாரத்துக்குள் இருக்கட்டும். முளைக்க இரண்டு மூன்று கிழமை எடுக்கும். வேர் நேரே கீழிறங்குவதால் பிடுங்கி நடுவதை அது விரும்பாது. கன்று சின்னதாக இருக்கும்போதே ஆழமான சாடிக்கு மாற்றிவிட்டு, பிறகு தொடாமல் விடுங்கள். மணலும் கூட்டெருவும் கலந்து, அடியில் துளையும் இருந்தால் நீர் தேங்காது. தேங்கினால் வேர் அழுகும். வெயிலைவிட அதுதான் கெதியாகக் கொல்லும். பெப்ரவரி, மார்ச்சில் பூ வரும். காலை வெயில் போதும். வாடிய பூவைக் கிள்ளிவிட்டால் இன்னும் கொஞ்சநாள் பூக்கும்.

இவ்வளவு பாடு எதற்கு, நீலம் தெரிந்தால் போதும் என்பவர்கள் வேலியில் சங்குப்பூவைப் படரவிடலாம். அதற்கு ஆடு எட்டாமல் பார்த்துக்கொண்டால் சரி.