கப்பல் பார்த்தல்: கரை, கண், சாட்சியம் – சில குறிப்புகள்

1

கப்பல் பார்ப்பது என்பது சும்மா உட்கார்ந்திருப்பதன் இன்னொரு பெயர் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். முட்டத்துக்குப் பக்கத்தில், குமரி மாவட்டத்து மேற்குக் கடலோர ஊர் ஒன்றில் வளர்ந்தவன் நான். சாயங்காலம் பாறைமேல் ஏறி உட்கார்ந்தால் தூரத்தில் கப்பல் போகும். குஜராத், மும்பை, கொச்சித் துறைமுகங்களிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் போகிறவை, அங்கிருந்து திரும்புகிறவை. சூயஸையும் மலாக்காவையும் இணைக்கும் பெரிய பாதை எங்கள் கண்ணுக்கு எட்டாது. மினிக்காய்த் தீவுக்குத் தெற்கே வந்து இலங்கையின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு போகிறது அது. எங்களுக்குத் தெரிவதெல்லாம் கிளைப்பாதைதான்.

தமிழ் சினிமா முட்டத்தைக் கண்டுபிடித்த பிறகு (1981இல் வந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ இங்கே எடுக்கப்பட்டது) இந்தப் பாறை காதலுக்கான பாறையாகவும், கடல் அதன் பின்திரையாகவும் ஆகிப்போனது. பின்திரைக்கு உழைப்பு கிடையாது, போக்குவரத்து கிடையாது, விபத்தும் கிடையாது. சுற்றுலா வருகிறவர்கள் இன்றும் அந்தப் பின்திரையைத்தான் பார்க்கிறார்கள். ஒரு கப்பல் தெரிந்தால் படத்துக்கு அழகு, அவ்வளவுதான்.

பார்வை அப்பாவித்தனமானது இல்லை என்பதை இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. யார், எங்கே நின்று, எதற்காகப் பார்க்கிறார் என்பதில்தான் பார்க்கப்படுவதன் அர்த்தம் உற்பத்தியாகிறது. மிஷெல் ஃபூக்கோ 1967இல் ஆற்றிய உரையொன்றில் ‘வேற்றுவெளி’க்குச் சிறந்த உதாரணமாகக் கப்பலைச் சொன்னார். கப்பலில் போகிறவனின் கற்பனை அங்கே பேசப்படுகிறது. கப்பல் கடந்துபோகும் கரையில் நிற்பவனும், அதன் வழியில் வலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவனும் அந்தச் சொல்லாடலுக்கு வெளியே இருக்கிறார்கள். அந்த வெளியிலிருந்துதான் இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

2

முதலில் கப்பலை வாசிப்பது எப்படி என்று பார்ப்போம்.

தொடுவானம் ஒரு கணக்கு. கடல்மட்டத்திலிருந்து உங்கள் கண் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். மணலில் நிற்பவருக்கு 4.5 கிலோமீட்டர். 25 மீட்டர் பாறையில் இருப்பவருக்குச் சுமார் 18 கிலோமீட்டர். பூமி வளைந்திருப்பதால் தூரத்துக் கப்பலின் மேல்மாடமும் கொடிமரமும் முதலில் தெரிந்து, உடல் பிறகுதான் மேலே ஏறிவரும். ஆக, உயரம் என்பது பார்வையின் அதிகாரம். கப்பலின் மேல்தளத்தில் நிற்பவருக்கு எங்கள் ஊரே தெரியும். வள்ளத்தில் இருப்பவருக்கு ஐந்து கிலோமீட்டர்கூடத் தெரியாது.

அடுத்தது நீர்மட்டம். சரக்கில்லாமல் போகும் கப்பலின் அடிப்பகுதிச் சிவப்புச் சாயம் வெளியே தெரியும். சரக்கேற்றியது அமிழ்ந்து போகும். பக்கவாட்டில் ஒரு வட்டமும் குறுக்குக் கோடும் இருக்கும். இதற்குமேல் அமிழக்கூடாது என்பதற்கான எல்லை அது. சாமுவேல் பிளிம்சால் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் நடத்திய போராட்டத்தின் விளைவு. பாடாவதிக் கப்பல்களில் அளவுக்குமேல் ஏற்றி, மூழ்கினால் காப்பீட்டுப் பணம் வாங்கிக்கொள்ளும் வழக்கத்துக்கு எதிராக 1876இல் சட்டம் வந்தது. ஆனால் கோட்டை எந்த இடத்தில் போடுவது என்பதை அந்தச் சட்டம் முதலாளிகளிடமே விட்டுவைத்தது. அதைச் சட்டம் நிர்ணயிக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. கப்பலின் உடம்பில் எழுதப்பட்டிருக்கும் வர்க்கப் போராட்டப் பிரதி என்று இதைச் சொல்லலாம்.

மூன்றாவது, பின்புறம் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர். பனாமா, மன்றோவியா, மஜூரோ. உலகக் கப்பல்களில் மிகப் பெரும் பங்கு பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் ஆகிய மூன்று நாடுகளின் கொடிகளின்கீழ்ப் பதிவானவை. முதலாளி ஒரு நாடு, கொடி ஒரு நாடு, நிர்வகிக்கும் கம்பெனி இன்னொரு நாடு, மாலுமிகள் இந்தியாவோ பிலிப்பைன்ஸோ. இவ்வளவு அடுக்குகளுக்குள் ‘யார் பொறுப்பு’ என்ற கேள்வியைத் தொலைத்துவிடுவது சுலபம். அடையாளம் சிதறுவதை விடுதலையாகக் கொண்டாடும் நண்பர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம். மூலதனம் தன் அடையாளத்தை எப்போதோ சிதறடித்துக்கொண்டுவிட்டது.

3

ராத்திரியில் வாசிப்பு வேறு. என் சித்தப்பாதான் சொல்லிக்கொடுத்தார்.

பெரிய கப்பலுக்கு முன்னும் பின்னும் இரண்டு வெள்ளை விளக்கு, பின்னது உயரத்தில். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. சிவப்பு மட்டும் தெரிந்தால் அது நமக்கு இடப்புறமாகப் போகிறது, பச்சை மட்டும் தெரிந்தால் வலப்புறமாக. “ரெண்டு வெள்ளையும் ஒண்ணுக்குமேல ஒண்ணா நின்னு, செவப்பும் பச்சையும் சேந்து தெரிஞ்சா, அது ஒன்னயப் பாத்துத்தான் வருது மக்கா. அப்போ யோசிக்கப்படாது கேட்டியா.”

எவ்வளவு நேரம் கிடைக்கும்? 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல்தடுப்பு விதிகளின்படி 50 மீட்டருக்கு மேற்பட்ட கப்பலின் வெள்ளை விளக்கு குறைந்தது 6 கடல் மைலுக்கும், சிவப்பு பச்சை விளக்குகள் 3 கடல் மைலுக்கும் தெரிய வேண்டும். 3 கடல் மைல் என்றால் ஐந்தரைக் கிலோமீட்டர். மணிக்கு 14 கடல் மைல் வேகத்தில் வரும் கப்பல் அதைக் கடக்கச் சுமார் 13 நிமிஷம். கடலில் கிடக்கும் வலையை வாங்க அது போதாது. வலையை அறுத்துவிட்டு இன்ஜினைக் கிளப்பலாம். அதற்கும் அந்த நேரத்தில் விழித்திருக்க வேண்டும். கப்பலோ நினைத்தவுடன் நிற்காது. சில கிலோமீட்டர் ஓடித்தான் நிற்கும்.

மீன்பிடித்துக்கொண்டிருக்கும் கலத்துக்கு இயந்திரக் கப்பல் வழிவிட வேண்டும் என்கின்றன அதே விதிகள். சட்டத்தில் வழி எங்களுடையது. ஆனால் சட்டம் முதலில் கண்ணில் பட வேண்டுமே? ஃபைபர் வள்ளம் ராடாரில் அலையோடு அலையாகக் கலந்துபோகிறது.

ஒரு தடவை கப்பலொன்று சித்தப்பாவின் வலையை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கடன் வாங்கிப் போட்ட வலை. ஆள் தப்பித்ததே பெரிது என்று கரையில் எல்லோரும் சொன்னார்கள். நான்தான் விடாமல் மனு எழுதி, ஓர் அலுவலகத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே கேட்ட முதல் கேள்வி: “கப்பல் பேரு என்ன?” சித்தப்பா விளக்குகள் நின்ற விதத்தைச் சொன்னார், நீவாடு எந்தப் பக்கம் இழுத்தது என்று சொன்னார், கோயில் கோபுரத்தையும் மலை உச்சியையும் நேர்கோட்டில் வைத்துத் தன் வள்ளம் நின்ற இடத்தைச் சொன்னார். எழுதிக்கொண்டவர் இவற்றில் ஒன்றையும் எழுதவில்லை. ‘பெயர் தெரியாத கப்பல்’ என்று மட்டும் எழுதினார். மனு அதோடு செத்தது.

நேரில் பார்த்தவர் சித்தப்பா. ஆனால் அவருடைய பார்வை ‘சாட்சியம்’ ஆகவில்லை. எந்த அறிவு ஆவணமாகும், எது வெறும் பேச்சாகவே நின்றுபோகும் என்பதை முடிவுசெய்யும் இடத்தில்தான் அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது.

4

கப்பலிலிருந்து கரையைப் பார்க்கும் பார்வைக்கு வருவோம்.

சோமாலியக் கடற்கொள்ளை உச்சத்திலிருந்த 2010இல் கப்பல் தொழில் அமைப்புகள் ‘அதிக அபாயப் பகுதி’யின் எல்லையைக் கிழக்கே 78ஆம் தீர்க்கரேகை வரை நீட்டின. கன்னியாகுமரி அந்த ரேகைக்குச் சற்று மேற்கே இருக்கிறது. ஆக, வரைபடத்தில் இழுத்த ஒரே கோட்டில் இந்தியாவின் மேற்குக் கரை மொத்தமும் கொள்ளையர் கடலாயிற்று. நடுக்கடலைத் தவிர்க்கக் கப்பல்கள் எங்கள் கரையை ஒட்டி, மீன்பிடிப்பு நெருக்கமாக நடக்கும் இடங்கள் வழியாகவே வரத் தொடங்கின. சிலவற்றில் துப்பாக்கி ஏந்திய காவலர்களும் வந்தார்கள்.

2012 பிப்ரவரி 15. கேரளக் கரையிலிருந்து சுமார் 20.5 கடல் மைல். ‘என்ரிகா லெக்சி’ என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலிருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டதில், ‘செயின்ட் ஆன்டனி’ என்ற படகிலிருந்த இரண்டு மீனவர்கள் செத்தார்கள். ஒருவர் கேரளத்துக்காரர், இன்னொருவர் எங்கள் மாவட்டத்துப் பையன். கொள்ளையர் என்று கருதிச் சுட்டதாகச் சொல்லப்பட்டது. சர்வதேச நடுவர் மன்றம் 2020இல் அந்த வீரர்களை இந்தியா விசாரிக்க முடியாது, இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 10 கோடி ரூபாய் கட்டப்பட்டபின் 2021 ஜூனில் உச்சநீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது.

மேல்தளத்திலிருந்து பார்த்த கண்ணுக்கு வேகமாக வரும் சிறு படகு என்றால் ஒரே அர்த்தம்தான் கிடைத்தது. அந்த அர்த்தத்தை அந்தக் கண்ணுக்குள் முன்கூட்டியே வைத்தது ஒரு கோடு. ‘மற்றமை’ கட்டமைக்கப்படுகிறது என்று கட்டுரைகளில் எழுதுகிறோம். இங்கே அது தீர்க்கரேகை எண்ணோடு நடந்தது. 2015இல் கோட்டை 65ஆம் ரேகைக்குத் திருப்பி நகர்த்தினார்கள். செத்தவர்களை எங்கே நகர்த்துவது?

5

இதையெல்லாம் வைத்துக் கப்பலை வில்லனாக்கிவிட்டால் வேலை சுலபம். விஷயம் அப்படி இல்லை.

2017இல் ஒக்கிப் புயலில் சிக்கியவர்கள் சிலரை வணிகக் கப்பல்களும் காப்பாற்றியிருக்கின்றன. கப்பலுக்குள் இருப்பவர்களும் கூலித் தொழிலாளர்களே. சித்தப்பாவின் மகனே இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறான். ஒரு ஏஜென்டிடம் லட்சக்கணக்கில் பணம் கட்டி, முதலில் ஏமாந்து, பிறகு வேறு வழியில் ஏறினான். அவன் கப்பல் குமரியைச் சுற்றும்போது கொஞ்ச நேரம் போன் சிக்னல் கிடைக்கும். ஒரு ராத்திரி கூப்பிட்டான்.

“அண்ணே, நம்ம ஊர்ப் பக்கம் லைட்டெல்லாம் தெரியுது.”

“வள்ளம் தெரியுதாடே?”

“எங்கண்ணே தெரியும்? ஒண்ணுரெண்டு டார்ச் வெட்டம் மினுங்குது. பிரிட்ஜில இருக்கவன் பாத்தாத்தான் உண்டு.”

அன்றைக்குச் சித்தப்பா கடலில்தான் இருந்தார். அவனிடம் சொல்லவில்லை. காலையில் அவர் கரையேறும்வரை நான் தூங்கவுமில்லை.

மகன் மேலே, அப்பன் கீழே. இரண்டு பேரும் ஒரே சரக்குப் போக்குவரத்தின் இரண்டு முனைகள். உலக வர்த்தகத்தில் அளவின்படி 80 சதவீதத்துக்கு மேல் கடல் வழியாகத்தான் போகிறது. நம் கையிலிருக்கும் போன், சமையல் எண்ணெய், இந்தப் பக்கத்தை அச்சடிக்கும் காகிதம் வரைக்கும் ஏதோவொரு கட்டத்தில் கப்பல் ஏறியிருக்கும். ஆலன் செகுலா என்ற புகைப்படக்காரர் 1995இல் வெளியிட்ட ‘ஃபிஷ் ஸ்டோரி’ இந்த மறைக்கப்பட்ட கடல் உழைப்பைத்தான் படமும் எழுத்துமாகப் பதிவுசெய்தது. சரக்கை இரும்புப் பெட்டிக்குள் அடைத்த கண்டெய்னர், உழைப்பையும் சேர்த்துக் கண்ணிலிருந்து மறைத்தது.

சில சமயம் பெட்டி திறந்துகொள்ளும். விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன ‘எம்எஸ்சி எல்சா 3’ என்ற லைபீரியக் கொடிக் கப்பல் 2025 மே 25 அன்று 600க்கும் மேற்பட்ட கண்டெய்னர்களோடு கேரளக் கடலில் மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். சில நாளில் எங்கள் கரையில் ஜவ்வரிசி மாதிரி வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. பிள்ளைகள் அள்ளி விளையாடினார்கள். தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்த கப்பல் இப்படித்தான் காலடிக்கு வந்துசேர்ந்தது.

6

இனி கப்பல்கள் கூடும். விழிஞ்ஞத்துக்கு 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் வந்தது. 2025 மே மாதம் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. எங்கள் மாவட்டத்தில் இனயத்தில் சரக்குப் பெட்டக மாற்று முனையம் அமைக்க 2016இல் ஒன்றிய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. மக்கள் எதிர்த்தார்கள். திட்டம் கோவளம்–மணக்குடிப் பக்கம் நகர்ந்தது, அங்கேயும் எதிர்த்தார்கள். இந்த எதிர்ப்பை ‘வளர்ச்சிக்கு எதிரான உணர்ச்சி’ என்று மட்டுமே பேசுகிற சொல்லாடலுக்கு, மேலே சொன்ன 13 நிமிஷக் கணக்கு தெரியாது.

என்ன செய்யலாம்? சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் தங்கள் பெயர், இடம், வேகம், திசையை ஏஐஎஸ் என்ற கருவி மூலம் ஒலிபரப்பியபடியே போக வேண்டும் என்பது 2004 முடிவிலிருந்து முழு நடைமுறையில் இருக்கிறது. இன்றைக்கு அந்தத் தகவல் சாதாரணப் போனில் கிடைக்கிறது. கருவியை அணைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. என்றாலும் ‘பெயர் தெரியாத கப்பல்’ என்பது இனி பெரும்பாலும் பொய்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 1 லட்சம் மீன்பிடிக் கலங்களில் இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டரை இலவசமாகப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. ஆபத்தில் செய்தி அனுப்ப அது உதவும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் மீனவர் யார் கண்ணுக்குத் தெரிகிறார்? கரையிலுள்ள அதிகாரிக்கா, எதிரே வரும் கப்பலுக்கா? கண்காணிப்பும் பாதுகாப்பும் ஒரே கருவிக்குள் வரும்போது இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, மணி, திசை, கப்பலின் நிறம், சரக்கா காலியா, போனில் காட்டிய பெயர். கடலிலிருந்து வருகிறவர்களிடம் விளக்குகள் நின்ற விதத்தைக் கேட்டுப் பக்கத்தில் எழுதுகிறேன். சித்தப்பாவின் மொழியும் கருவியின் மொழியும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும் என்று. அடுத்த முறை யாராவது “கப்பல் பேரு என்ன?” என்று கேட்டால் இந்த நோட்டைத் திறந்து காட்ட வேண்டும். கடலோரத்தில் இருக்கும் மற்ற நண்பர்களும் இப்படி எழுதத் தொடங்கினால் அவற்றை ஒப்பிட்டுப் பேசலாம். சித்தப்பாவுக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. இருந்தாலும் போன வாரம் கரையேறியதும் அவராகவே வந்து சொன்னார்: “எழுதிக்கோ மக்கா. ராத்திரி ரெண்டு மணி, செவப்பு மட்டும். தள்ளித்தான் போச்சு.”